கம்பி வேலிக்குள் ஸ்கோப் படம்

படம் தொடங்கியதுமே திரையெல்லாம் பனிமூட்டம். கோளாறு என் லென்ஸில். மலை டவுனான பிரிஞ்சாங்கிலிருந்து குளிரில் லோரியேறி வந்த ஸ்கோப் லென்ஸ், தேயிலைத் தொழிற்சாலையின் வெதுவெதுப்பான மாடிக்குள் வந்ததும் வியர்த்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி பூத்தது.

காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டையிட்ட அவசரகாலம் அது. தொழிலாளர் குடியிருந்த தோட்டத்து லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி, கேட்டில் போலீஸ், அரிசிக்கு ரேஷன். டவுனுக்குப் போய்ப் படம் பார்க்க வழியில்லை. பிரிஞ்சாங்கில் ராவுத்தர் ஒருவரின் கொட்டகையில் நான் ஆப்பரேட்டர். "அவங்க வர முடியலன்னா நாம போவோம்லா" என்று மெஷினை ஏற்றி அனுப்பினார் அந்தப் புண்ணியவான். தோட்டத்து வெள்ளைக்கார மானேஜரான துரையும் ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்காகக் கொழுந்து வாட்டும் மாடியைத் திறந்துவிட்டார். கூடவே ஒரு நிபந்தனை.

"ஆப்பரேட்டர், கலாட்டா வந்தா இனிமே இங்கே படம் கிடையாது."

ஸ்கோப் படம் சாதாரணப் படத்தைவிட ரொம்ப அகலம்; அவ்வளவு அகலத்துக்குத் திரை ஏது? கொழுந்து பரப்பும் சாக்குத் துணிகளை ஒன்றாகத் தைத்து, தீபாவளிக்கு லயத்துச் சுவருக்கு அடிப்பதுபோலச் சுண்ணாம்பு அடித்துத் தந்தார்கள் ஜனங்கள். அப்படிக் காத்திருந்தவர்களுக்குத்தான் இந்தப் பனிமூட்டம். விசில் கிளம்பியது. துரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

மெஷினை நிறுத்தாமல், அதன் சொந்த லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருந்த ஸ்கோப் லென்ஸை மட்டும் கழற்றினேன். ஸ்கோப் பிலிமில் படம் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவாகியிருக்கும். அந்த லென்ஸ்தான் அதை விரித்துக் காட்டும். அது இல்லாததால் திரையில் வந்த வெள்ளைக்காரர்களெல்லாம் மூங்கில் குச்சிபோல ஒடிசலாக நின்றார்கள். குதிரைகூட ஒட்டகச்சிவிங்கிதான்.

முன்வரிசையிலிருந்து கொழுந்து எடுக்கும் முனியம்மா கத்தினாள்: "ஐயோ பாவம், இவங்களுக்கும் ரேஷன் அரிசிதான் போல!"

மாடியே அதிரச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ரேஷனைக் குறைசொன்னால் காட்டிலிருப்பவர்களுக்கு ஆதரவு என்று சந்தேகப்படும் காலம். துரைக்குத் தமிழ் நன்றாகவே புரியும். லென்ஸை மடிக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். மீசையைத் தடவினார். பிறகு உட்கார்ந்தார்.

லென்ஸ் தெளிந்ததும் மாட்டினேன். படம் சரசரவென்று இரு பக்கமும் விரிந்தது. குளோசப்பில் கதாநாயகன் முகம் கொஞ்சம் வீங்கித் தெரிந்தது. அந்தக்கால லென்ஸின் குறை அது. துரை சொன்னார்: "இப்போ ரேஷன் வந்துருச்சு."

அடுத்து புல்வெளி வந்தது. சுவருக்குச் சுவர் புல், அதில் குதிரைகள். சிரிப்பு அடங்கியது. முனியம்மா பக்கத்திலிருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்: "பாருடி, எங்கயும் வேலியே இல்ல."

படம் முடிந்ததும் துரை என்னிடம், "அடுத்த மாசம் வா" என்றார்.

பிறகு கம்பெனிக்கொரு அகலமாகப் பலவகைப் படங்கள் வந்து போயின. முகம் வீங்காத லென்ஸ்கள் வந்ததும் என் லென்ஸ் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதைவிட நல்ல லென்ஸ்களில் ஓட்டியிருக்கிறேன். ஆனால் அதன்மேல் உள்ள மதிப்பு குறையவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். படம் கெட்டால் மெஷினை நிறுத்தாதீர்கள், கோணலாகவாவது ஓடட்டும். அன்று நிறுத்தியிருந்தால் துரை எல்லாரையும் லயத்துக்குப் போகச் சொல்லியிருப்பார். முனியம்மா அந்தப் புல்வெளியைப் பார்த்திருக்க மாட்டாள்.