செவ்வாய்க்கிழமை வந்த ஓய்வுநாள்

எங்கள் வீட்டுக்கு ஓய்வுநாள் செவ்வாய்க்கிழமைதான் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அப்பா, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கூட்டம் படிக்கட்டில் தொங்கும். அன்றைக்கு லீவு கேட்பதும், ரெங்கநாதரை எழுந்து உட்காரச் சொல்வதும் ஒன்றுதான் என்பார். வாரத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆஃப் செவ்வாய். மற்ற நாட்களில் நாங்கள் விழிப்பதற்குள் போய்விட்டு, தூங்கிய பிறகு வருவார்.

ஞாயிறு காலையில் அம்மா என்னையும் தங்கையையும் சர்ச்சுக்கு அழைத்துப் போவாள். திரும்பி வந்ததும் துணி துவைப்பாள், மாவாட்டுவாள். செவ்வாய்தான் எங்களுக்கு ஓய்வுநாள். ஊசி நூலைத் தொடக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, நானும் தங்கையும் அடித்துக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நல்ல பாவாடை கட்டிக்கொண்டு ஜெபத்துக்கு உட்கார வேண்டும். அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கும். "செவ்வாய்க்கிழமையும் அதுவுமா கறி வாசனையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா மூக்கை மூடிக்கொண்டு சிரிப்பார்.

விஷயம் போதகர் காதுக்கும் போய்விட்டது. ஒரு ஞாயிறன்று சர்ச் வாசலில் அம்மாவை நிறுத்தினார்.

"ஓய்வுநாளை நம்ம வசதிக்கு மாத்திக்க முடியாதும்மா."

"மாத்தலீங்க ஐயா. எங்க வீட்டுக்கு அது ரெண்டு நாள் தாமதமா வருது, அவ்வளவுதான்."

அம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஆண்டவர் உலகத்தைப் படைத்து முடித்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஓய்ந்தார். "காலை நீட்டிப் படுத்துட்டா ஓய்வு ஆயிடுமா? சுத்திப் பாக்கணும். எல்லாம் நல்லாயிருக்குன்னு மனசு அடங்கணும்" என்பாள். அதற்காகவே காந்தி மார்க்கெட் பக்கம் போய்த் துணி போட்ட ஒரு சாய்வு நாற்காலி வாங்கி வந்தாள். வாரமெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற மனுஷர் செவ்வாயன்று அதில் சாய்ந்திருப்பார். அம்மா எதிரே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் எப்போதாவது வந்தது, பிறகு நாள் தவறாமல். உலையை வைத்துவிட்டு அடுக்களைச் சுவரோரம் சுருண்டு கிடப்பாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து சோறு வடித்துக் கொடுப்பார். ஆனால் திங்கட்கிழமை மத்தியானமே அம்மா பாயை விரித்துப் படுத்துவிடுவாள். செவ்வாய்க்கு வேண்டிய தெம்பை அப்படித்தான் சேர்த்து வைப்பாள். மறுநாள் காலையில் மஞ்சள் பூசிக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, அப்பா முன்னால் காபியோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அப்பா அவளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். அந்த ஒரு நாளில் அவள் நன்றாக இருந்தாள்.

நான் பொறுக்க முடியாமல் ஒரு செவ்வாயன்று சொல்லிவிட்டேன். "அப்பா, அம்மாவுக்குத் தினமும் வயிறு வலிக்குதுப்பா."

அப்பா நாற்காலியிலிருந்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "என்னடி, என்ன செய்யுது?"

"இவளுக்கு வேற வேலை இல்லீங்க. என்னிக்கோ சாப்பாடு ஒத்துக்கல. நீங்க சாஞ்சுக்குங்க" என்றாள் அம்மா. அதோடு விட்டாளா? கிணற்றடிக்குப் போய் அவர் கண்ணெதிரே குடம் குடமாகத் தண்ணீர் இறைத்தாள். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கி வந்தாள். அப்பா பார்த்தார், திருப்தியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். அம்மா உள்ளே வந்து குடத்தை இறக்கிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு என் காதோடு, "அவருக்கு இருக்கிறது ஒரு நாளுடி. அதைக் கெடுக்காதே" என்றாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் இன்றைக்கும் தணியவில்லை.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை கிணற்றடியிலேயே விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் அப்பாவைத் தேடி சைக்கிளில் சத்திரத்துக்கு ஓடினார். அப்பா காக்கிச் சட்டையோடு, தோளில் டிக்கெட் பையோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். வயிற்றில் கட்டி, மிகவும் முற்றிவிட்டது என்றார் டாக்டர்.

"இத்தனை நாளா என்னங்க பண்ணிட்டு இருந்தீங்க?"

"முந்தாநாள்கூட நல்லா இருந்தாளே சார்" என்றார் அப்பா. "செவ்வாக்கிழமை நல்லாத்தானே சார் இருந்தா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், திங்கட்கிழமைப் பாயையும் சேர்த்து. அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "எனக்கு ஓய்வு, அவளுக்குப் பாடா?" என்று மட்டும் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அம்மா போய்விட்டாள். அவள் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தாள் என்று போதகர் கல்லறையில் ஜெபித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தபோது யாராவது அவளை உட்கார விட்டார்களா?

அடக்கம் முடிந்து வந்த முதல் செவ்வாய். அப்பா விடியுமுன் எழுந்து வாசல் பெருக்கினார், பாத்திரம் தேய்த்தார், எங்களுக்குத் தலை பின்னத் தெரியாமல் பின்னிவிட்டார். சாயங்காலம் ஜெபம் முடிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் நாற்காலியைப் பிரித்துப் போட்டேன்.

"உக்காருங்கப்பா."

அவர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மா படுத்துக் கிடந்த அடுக்களைச் சுவரோரம் போட்டார். துணியில் இருந்த சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார்.

"உங்கம்மா உக்காரட்டும்மா" என்றார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.