பச்சைத் துளையும் ரோஸ் துளையும்

அவளுக்கு நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, வார்த்தை பிசகாமல் எழுத்தாக்கித் தர வேண்டும். ஐந்து வருடமாக வீட்டிலிருந்தே செய்கிறாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஜன்னலோர மேசையில் அலுவலகம் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். யார் யாரோ அழுவதும் சத்தியம் செய்வதும் புளுகுவதும் பகலெல்லாம் அவள் காதுக்குள் நடக்கும். அவள் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர் வாயாடி என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள்.

வயர் முனையில் இரண்டு பின் வைத்த பழைய ஹெட்போன் செத்துப்போனதும், மைக்கோடு புதிதாக ஒன்று வாங்கினாள். இதில் ஒரே பின்தான். கம்ப்யூட்டரின் பச்சைத் துளையில் செருகினாள், கணீரென்று கேட்டது. வேலை ஓடியது.

ஞாயிறு மதியம், கடல் தாண்டி இருக்கும் அண்ணன் வழக்கம்போல் கம்ப்யூட்டரில் அழைத்தபோதுதான் சிக்கல்.

“வாயாடி, நீ பேசறது கேக்கல. உதடு மட்டும் அசையுது.”

‘போன்ல வரட்டுமா?’ என்று தாளில் எழுதிக் காட்டினாள்.

“எதுக்கு? நான் சொல்றேன், நீ கேளு.”

அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் அண்ணன் அவளிடம் எதையும் கேட்பதையே விட்டுவிட்டான். சமையல் செய்தபடி, திரையைப் பார்க்காமலே பேசினான். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் கடையில் விசாரித்து, இரண்டாகப் பிரியும் வயர் ஒன்றை வாங்கி வந்தாள். பயனில்லை. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை ரிப்பேர்காரரிடம் போனாள்.

அவர் வயரைப் பார்த்துச் சிரித்தார். “இது ரெண்டு பேர் ஒண்ணா பாட்டு கேக்கறதுக்கு, அக்கா. ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கலாம்.”

“எங்க வீட்டுல ஒரு ஹெட்போன்தான் இருக்கு” என்றாள்.

வேடிக்கை என்று நினைத்து அவர் இன்னும் சிரித்தார். பிறகு ஹெட்போன் பின்னை விளக்கடியில் பிடித்தார். “இந்தக் கறுப்பு வளையத்தை எண்ணுங்க.”

“மூணு.”

“மூணுன்னா கேக்கறதும் பேசறதும் ஒரே பின்ல இருக்கு. போனுக்குச் சரி. உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டும் தனிக்குடித்தனம். பச்சை கேக்கறதுக்கு, ரோஸ் பேசறதுக்கு. பச்சையில மட்டும் குத்தினா காது உண்டு, வாய் கிடையாது.”

ஒரு முனையில் ஒற்றைத் துளையும் மறுமுனையில் இரண்டு பின்னுமாக வேறொரு வயரைக் கொடுத்தார். பின்களில் ஹெட்போன் படமும் மைக் படமும் போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினாள். சோதிக்க ஏதாவது பேசிப் பதிய வேண்டும். என்ன பேசுவது? “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றாள். போட்டுக் கேட்டபோது, பழக்கதோஷத்தில் விரல்கள் தாமாகத் தட்டின: ‘பெண் குரல். யாரென்று தெரியவில்லை.’ வெகுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி பேசிப் பதியத் தொடங்கினாள். மாடிப்படியில் விளக்கு எரியாததைச் சொன்னாள். கடைவாய்ப் பல் வலிப்பதைச் சொன்னாள். இருபது நிமிடம் போனதே தெரியவில்லை.

ஞாயிறு வந்தது. அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிளறினான்.

“அண்ணா, உப்பு போட்டியா?”

கரண்டி கீழே விழுந்தது. “அட, பேசறியா!”

அண்ணன் மகள் ஓடி வந்தாள். “அத்தை குரலா இது? எனக்கு மறந்தே போச்சு!”

மூவரும் சிரித்தார்கள். பல் வலியைச் சொன்னாள்.

“தள்ளிப் போடாத. துணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போ” என்றான் அண்ணன். அவர்களுக்கு எங்கோ கிளம்ப வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் அழைப்பு முடிந்தது.

புதன்கிழமை காலை அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போனாள். கூட வந்திருப்பவர் பெயர் என்ன என்று வரவேற்பறைப் பெண் கேட்டாள்.

“யாருமில்ல. நான் மட்டும்தான்” என்றாள், தெளிவாகவே.