ஊசி போட்ட முட்டைகள்

எழுபதுகளின் கடைசியில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். கண்ணாடிச் சிரிஞ்சுகளைக் கொதிக்கவைத்து அடுக்குவது என் வேலை. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் எனக்குப் பிள்ளை இல்லை.

எங்களோடு இருந்த அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, தினமும் விடிந்ததும் ஒரு வேரை அரைத்துச் சாறு பிழிந்து தருவார்.

"முழுசா குடிச்சிரு. கரு தங்கும்."

குடித்தால் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கோழி அடைக்கு உட்கார்ந்தபோதுதான், அந்தச் சாறு கருவை என்ன செய்யும் என்று முட்டையில் பார்க்கும் யோசனை வந்தது. ஒரு சிரிஞ்சைச் சேலை மடிப்பில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆறு முட்டைகளின் மழுங்கிய முனையில் ஓட்டை போட்டு, முட்டைக்கொரு சொட்டுச் சாறு ஏற்றி, மெழுகால் அடைத்துக் கரியால் கோடு போட்டேன். வேறு ஆறு முட்டைகளை அப்படியே சேர்த்து வைத்தேன்.

ஏழாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாதா முட்டைகளில் சிவப்பு நரம்புகள் ஓடியிருந்தன. கோடு போட்டவற்றில் ஒன்றுமே இல்லை. இதைத்தானே தினமும் குடிக்கிறேன்?

மறுநாள், எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் சிரிஞ்சுகளை எண்ணினார்.

"ஒண்ணு எங்கம்மா?"

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை.

"மத்த ஆறுலயும் ஊசி குத்துனியா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப ஊசி கொன்னுச்சா, சாறு கொன்னுச்சான்னு எப்படித் தெரியும்? திரும்பச் செய். ஆறுல சாறு, ஆறுல கொதிச்சு ஆறுன தண்ணி. அதுவரைக்கும் நீ குடிக்காத லா."

இன்னொரு கோழி அடைக்கு உட்காரும்வரை காத்திருந்தேன். அதன் பிறகு இருபத்தொரு நாள். தினமும் சாற்றை வாயில் அடக்கிக்கொண்டு போய்ப் பின்புறச் சாக்கடைக் கானில் துப்பினேன். அண்ணி என் தொண்டையையே பார்ப்பதாகத் தோன்றும். ஒருநாள், "என்ன, மிடறு சத்தமே கேக்கல?" என்றார். சிரித்து மழுப்பினேன்.

தண்ணீர் ஏற்றியதில் நாலு பொரிந்தன. சாறு ஏற்றியதில் ஒன்றே ஒன்று. அதுவும் காலை ஊன்ற முடியாமல் மதியத்துக்குள் செத்தது. பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி உள்ளே வந்துவிட்டார்.

"என்னடி இது?"

மறைக்க வழியில்லை. சொன்னேன். அறைவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால், அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒம்பது வருஷம் குடிச்சேன்," என்றார்.

பிள்ளை இல்லையென்று புருஷன் அனுப்பிவிட்டதால்தான் அவர் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். அது எனக்குத் தெரியும். இது தெரியாது.

"அதனாலயா இருக்கும்?"

"தெரியல அண்ணி. கோழிக்கு ஆனது மனுசருக்கும் ஆகும்னு சொல்ல முடியாதுன்னு டிரசர் சொன்னாரு."

அதற்குப் பிறகு அவர் வேர் அரைக்கவில்லை. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கத் தானா ராத்தா ஊரின் ஆஸ்பத்திரிக்கு நான் கிளம்பியபோது அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். சாற்றை நிறுத்தியதாலா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. தானா ராத்தா போன அன்றைக்கு, டாக்டர் அறையிலிருந்து வந்த அண்ணியிடம் அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பஸ் வரும்வரை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.