மெயின் சுவிட்சும் கேஷ் ப்ராக்ஸியும்

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுக்கொடுக்கும் சென்டர் ஒன்று. மெஷின் எல்லாம் லினக்ஸ், மெயின்டனன்ஸ் நான். அன்று காலை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முதலாளி ஆரம்பித்துவிட்டார்.

"சார், இந்த மங்கை இன்னாத்தையோ அமுக்கிடுச்சு. அங்க தறி சும்மா நிக்குது. இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா வேலைக்கே வர வேணாம்னு சொல்லிட்டேன்."

மங்கை புடவை முந்திக்கு டிசைன் வரைபவள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவள் மெஷினுக்குப் புது ஹார்ட் டிஸ்க் போட்டிருந்ததால் டிசைன் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

"நீங்க சொல்லிக்குடுத்தா மாதிரிதான் சார் பண்ணேன்" என்றாள். திரையில் 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' என்று வரிசையாக நின்றது. வந்து சேர்ந்த ஃபைல் சேதமாகியிருக்கிறது என்று பொருள்.

இங்கே வரும் மெதுவான இன்டர்நெட் லைனில் எல்லா மெஷினும் தனித்தனியாக சாஃப்ட்வேர் இறக்கினால் அன்றைய பிழைப்பு போய்விடும். அதனால் மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி வைத்திருக்கிறேன். அது ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக்கொடுக்கும். அதுதான் கேஷ் ப்ராக்ஸி. அதில் ஒரு ஃபைல் கெட்டால் எல்லாருக்கும் கெட்டதுதான் போகும்.

பக்கத்து மெஷினில் அதே கமாண்டைக் கொடுத்தேன். அதே எரர். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பெட்டியிலதான் சார் கோளாறு. மங்கை மேல தப்பில்ல."

"இந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னால இதெல்லாம் வந்ததே இல்லியே" என்றார். மற்றவர்கள் புதிதாக எதையும் ஏற்றுவதில்லை, அதனால் வரவில்லை. இதை அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. கெட்ட ஃபைல்களை அழித்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, சாஃப்ட்வேரை ஏற்றிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் மங்கை ஸ்கேனர் டிரைவர் போட்டாள். மறுபடி அதே எரர். நான் போய்ச் சேருவதற்குள், இனி வர வேண்டாமென்று முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டி தன் வேலைகளைப் பதிந்து வைக்கும் லாகைத் திறந்து பார்த்தேன். தினமும் சாயந்திரம் பாதி வேலையில் நின்றிருக்கிறது. முறையாக ஷட்டவுன் ஆன தடயமே இல்லை. யூபிஎஸ் இருந்தும் ஏன் இப்படி? கடை மூடும்வரை இருந்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலாளி கற்பூரம் ஏற்றி, பட்டு அடுக்கியிருந்த அலமாரிக்கும் காட்டி, திருநீறு பூசிக்கொண்டு, மெயின் சுவிட்சை இறக்கினார். யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. குனிந்து அதையும் அணைத்தார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"தெனமும் பண்றதுதான். பட்டு இருக்கற எடத்துல கரண்ட வுட்டுட்டுப் போவ முடியுமா? இது வேற கீ கீன்னு கத்திக்கினே இருக்குது."

எல்லாரும் கிளம்பிய பிறகு லைன் காலியாக இருக்குமே என்று அந்த நேரத்தில்தான் பெட்டி புது சாஃப்ட்வேர் பட்டியலையும் ஃபைல்களையும் இறக்கிக்கொள்ளும். தினமும் அதன் நடுவில் இவர் கரண்டைப் பிடுங்கியிருக்கிறார். பாதியில் நின்ற ஃபைல்தான் கெட்டுப்போயிருக்கிறது. விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"ஆனா மெயின எறக்காம மட்டும் போவ மாட்டேன் சார்."

அவர் பயமும் நியாயம்தான். பெட்டி ஃபைல் இறக்கும் வேலையை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினேன். கற்பூரத்துக்கு முன்பே பெட்டி தானாக ஷட்டவுன் ஆகும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி எழுதினேன்.

"அப்ப அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க" என்றார், கடைச் சாவியைப் பார்த்துக்கொண்டே. தப்பு அவள்மேல் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

மங்கை வந்தாள். அதன்பிறகு அந்த எரர் வரவில்லை. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு ஆள்மேல் பழி விழுந்திருந்தால் மெஷின் ஓடியதும் கிளம்பிவிடாதீர்கள். காரணத்தைக் கண்டுபிடித்து, பழி சொன்னவர் வாயாலேயே அந்த ஆள்மேல் தப்பில்லை என்று சொல்ல வைத்துவிட்டு வாருங்கள்.

என்னால் அது முடியவில்லை. இன்றும் ஒரு சின்ன ஃபான்ட் ஏற்ற வேண்டுமென்றாலும் மங்கை போன் செய்கிறாள். "நீங்க பக்கத்துல இருந்தா பண்றேன் சார்." என் வீடு இருக்கும் முசரவாக்கத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன், அவள் என்டர் தட்டும்போது பக்கத்தில் நிற்பதற்காக.