சித்தி வாய்திறந்த நாள்

சாங்வி என்கிற மராத்தி ஊரில், சித்தப்பா வீட்டில் வாஷிங் மிஷின் சும்மா நிற்க, சித்தி குளியலறையில் குனிந்து உள்பாவாடையைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. வாளித் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அவளுக்கு மாதவிடாய் நின்று சில வருஷங்கள் ஆகியிருந்தன. "உடம்புச் சூடுடி. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். இடுப்பு வலியும், நாற்றத்தோடு வெள்ளைப்படுதலும் மாதக்கணக்காக இருந்ததை, நான் வற்புறுத்திக் கூட்டிப்போன கிளினிக்கில்தான் சொன்னாள்.

சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டரம்மா இந்தியில் பொறுமையாக விளக்கினார். எச்.பி.வி. என்ற வைரஸ் உடலுறவில் தொற்றுவது. பலருக்கும் வந்து தானாகவே போய்விடும். சிலரிடம் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றாகும். கர்ப்பப்பை வாயில் லேசாகத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை செய்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம். இப்போது ஆபரேஷன் கட்டம் தாண்டிவிட்டது, கதிர்வீச்சும் கீமோவும்தான் வழி.

ராணுவ அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பாவின் காதில் 'உடலுறவு' என்ற ஒரு சொல் மட்டுமே விழுந்தது. வீட்டுக்கு வந்ததும், "உனக்கு எப்படி இது வந்துது?" என்றார். சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதை என்கிட்டயா கேக்கறீங்க? வருஷக்கணக்கா வடக்கே தனியா இருந்தது யாரு?" இரண்டு பேரும் ஒரு வாரம் முகம் பார்த்துப் பேசவில்லை. விஷயம் காதுக்கு எட்டியதும் டாக்டரம்மாவே அவரைக் கூப்பிட்டு, இது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது, அதைத் தேடி இருக்கிற நாட்களைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அதன்பிறகு கதிர்வீச்சு அறை வாசலில் வெந்நீர் பிளாஸ்க்கோடு தினமும் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

சில மாதங்கள் நன்றாக இருந்தாள். பிறகு நுரையீரலுக்குப் பரவிவிட்டது.

அந்த சங்கராந்திக்குப் பக்கத்து வீட்டு மராத்திப் பெண் மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்திருந்தாள். சித்தி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனாள். எள்ளுருண்டை வாங்கிக்கொண்ட பெண்களிடம் மராத்தியில் எல்லாவற்றையும் சொன்னாள்: ரத்தம், வலி, வெட்கப்பட்டு மறைத்தது, முன்பே கண்டுபிடிக்க டெஸ்ட் இருப்பது, பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இருப்பது. ஒருத்தி எழுந்து போனாள். மற்றவர்கள் குங்குமச் சிமிழையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும், "காக்கூ, அந்த டெஸ்ட் வலிக்குமா?" என்றாள்; காக்கூ என்றால் அவர்கள் மொழியில் சித்தி.

"கொஞ்சம் கூச்சமா இருக்கும். அவ்வளவுதான். எனக்கு வலிச்ச மாதிரி வலிக்காது."

மழைக்காலம் தொடங்குமுன் சித்தி போய்விட்டாள். காரியங்கள் முடிந்த மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவளுக்குப் பரிசோதனையில் ஆரம்ப மாற்றம் தெரிந்ததாம். புற்றாவதற்கு முன்பே சின்ன சிகிச்சையில் அகற்றிவிட்டார்களாம். சித்தியிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியும், படுத்திருப்பவளிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டாளாம்.

"சீக்கிரமே பிடிச்சிட்டாங்க, காகா" என்றாள் சித்தப்பாவிடம்.

"சீக்கிரமே" என்றார் சித்தப்பா. யாரையும் பார்க்காமல், மறுபடி ஒருமுறை அதையே சொன்னார்.