நான்காவது நிறுத்தத்தில் ஏறாத பிள்ளை

எங்கள் ஆபீசில் அவனுக்குப் பெயர் சைபர். வீட்டில் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே, "அரேங்கிற வரிசைல முதல் ஆளோட இடம் ஒண்ணு இல்லீங்க, சைபர். அதை மறந்தீங்கன்னா ஒரு ஆள் காணாம போயிடுவாரு" என்று ஆரம்பித்துவிடுவான். அதில் ஒட்டிக்கொண்ட பெயர். கூப்பிட்டால் கோபப்பட மாட்டான், திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

அவன் எழுதும் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. அவனைவிடப் பதினோரு வயது மூத்தவள் நான். வாய் கொஞ்சம் நீளம். அவன் என்னை அக்கா என்பான். நான் தம்பி என்பேன், மூக்குக்கு மேல் கோபம் வந்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஒரு டயர்க் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து பள்ளிக்கூட பஸ்களுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் ஏற வேண்டும் என்று டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை காட்டும். ஏறாத பிள்ளையின் பெயர் சிவப்பு, ஏறிய பிள்ளையின் பெயர் பச்சை. சிவப்பு இருக்கும்வரை பஸ் கிளம்பக் கூடாது; மூன்று நிமிடம் பார்த்துவிட்டு வீட்டில் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்த விதியை எழுதியதும் அவன்தான். பிள்ளை விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன்.

ஸ்ட்ரக்ட், அரே என்றதும் பயந்துவிட வேண்டாம். ஸ்ட்ரக்ட் என்பது ஒரு வெற்றுப் படிவம்: பெயர், வயது, நிறுத்தம், ஏறியாச்சா, இறங்கியாச்சா. ஐந்து கட்டத்தையும் நிரப்பினால் ஒரு பிள்ளை தயார். அந்தப் பிள்ளையை வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறோமே, அந்த வரிசைதான் அரே. புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் நாலைந்து பொய்ப் பிள்ளைகள் வேண்டும். எல்லா ஊரிலும் இந்த வேலை செய்கிறவர்கள் வாயில் வந்த பெயரைப் போடுவார்கள். சைபரும் நான்கு பேருக்கு அ, ஆ, இ, ஈ என்றுதான் வைத்தான். நிறுத்தம் தொண்ணூற்றொன்பது என்று போட்டான், அப்படி ஒரு நிறுத்தம் எந்த பஸ்ஸுக்கும் கிடையாது. ஆனால் வரிசையின் சைபர் இடத்தில் தன் மகளை வைத்தான். நிஜப் பெயர், வயது ஆறு, நிறுத்தம் நான்கு. நான்கு என்பது அவர்கள் வீட்டு வாசல்.

"ஏன் தம்பி, அவளை மட்டும் நிஜமா போட்டிருக்கே?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் இதே பஸ்ல ஏறப் போறாக்கா. இப்பவே பழகட்டும்" என்றான்.

அவள் சேரப்போகும் பள்ளிக்கும் நாங்கள்தான் மென்பொருள் கொடுப்பதாக இருந்தோம். ஒரு சனிக்கிழமை அவளை ஆபீசுக்கே கூட்டிவந்தான். முன்பல் இரண்டும் இல்லை. நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறி, திரையில் சிவப்பாக இருந்த தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவன் பொத்தானைக் காட்டினான், அழுத்தினாள், பச்சையானது. "நான் ஏறிட்டேனா?" என்று கேட்டாள். பிறகு இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள். அரை நாள் எங்கள் யாருக்கும் வேலை ஓடவில்லை. நான்கூட அதட்டவில்லை.

பள்ளி திறக்கும் முன்பே போய்விட்டாள். மூளைக்காய்ச்சல், மூன்று நாள். மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தான். நாங்கள் ஆறு பேரும் எங்களுக்குள் பேசி வைத்தது மாதிரி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேசினால் உடைந்துவிடுவான் என்று நினைத்தோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்குப் பயம். அந்தப் பள்ளி வேலையும் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

வரிசையில் அவள் அப்படியே இருந்தாள். தினமும் சாயங்காலம் கிளம்பும் முன் அவன் சோதனையை ஒரு முறை ஓட்டுவான். எதையும் மாற்றியிருக்க மாட்டான், ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. அது ஓடும் இரண்டு நிமிடமும் என் வேலை நிற்கும். ஒரு நாள் எரிச்சலில் எழுந்து போய், "பச்சைன்னு தெரியுதில்ல, திரும்பத் திரும்ப எதுக்குடா ஓட்டுறே? எனக்கு மட்டும் வீடு வாசல் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"சும்மா ஒரு தடவைக்கா. ஏறி இறங்கிட்டாள்னா கிளம்பிடுவேன்" என்றான் திரையைப் பார்த்தபடியே.

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்போதும் ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசவில்லை. மறுநாளிலிருந்து அந்த இரண்டு நிமிடம் தண்ணீர் குடிக்கப் போவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பொய்ப் பிள்ளைகளைத் தனிக் கோப்பில் வைப்பதுதான் முறை. இவன் அவளை அங்கே ஒதுக்க மனமில்லாமல் புரோகிராமுக்குள்ளேயே வைத்திருந்தான். ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பும் முன், அந்த ஐந்து பேரையும் வரிசையில் சேர்க்கும் ஒரே ஒரு வரியைத் தன் கையால் எடுப்பான். அனுப்பியதும் திரும்பப் போட்டுவிடுவான். இது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. யாரிடம் சொல்வான், என்னவென்று சொல்வான்?

இந்த வருஷம் அவள் சேர இருந்த அந்தப் பள்ளி திறந்தது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வாரமே அவனை வேறு ஒரு பள்ளி வேலைக்காக வெளியூருக்கு அனுப்பியிருந்தார் மேனேஜர். "சோதனை எல்லாம் பச்சையா?" என்று என்னிடம் கேட்டார். "பச்சை" என்றேன். நான்தான் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளியிலிருந்து போன். நான்கு நாளாக பஸ் தாமதமாம், மற்ற பெற்றோர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். நான்காவது நிறுத்தத்தில் ஒரு பிள்ளை தினமும் ஏறுவதில்லை, பஸ் தினமும் காத்திருக்கிறது, அப்படி ஒரு பிள்ளை எங்கள் பதிவேட்டிலேயே இல்லையே என்றார்கள். மேனேஜர் வாய்க்கு வந்தபடி கத்தினார். நான் வரிசையைத் திறந்து சைபர் இடத்தைப் பார்த்தேன். அவள் பெயர் பள்ளிக்கும் போயிருந்தது.

மத்தியானம் அவன் வெளியூரிலிருந்து பையோடு நேராக ஆபீசுக்கு வந்தான். மேனேஜர் வாயைத் திறக்கும் முன் அவனைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய் நானே சொன்னேன். பஸ் அவன் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. நான்கு நாள். விதிப்படி டிரைவர் இறங்கிப் போய்க் கேட்டிருப்பார். யாரிடம் கேட்டிருப்பார் என்பதை நான் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாதா?

"வீட்டுக்காரி போன்ல ஒண்ணுமே சொல்லலையேக்கா" என்றான். "தினம் ராத்திரி பேசினேனே."

"நான்தான் தம்பி அனுப்பினேன். என் தப்பு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லாதது." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "நான் அழிச்சிருக்கணும்க்கா. எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். முடியல."

இடத்துக்குப் போய் அவனே செய்தான். அவள் பெயர் இருந்த படிவத்தை முழுதாகத் தேர்ந்தெடுத்து நீக்கினான். சோதனையை ஓட்டினான். ஐந்து பிள்ளைகள் வர வேண்டும், நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்று சிவப்பாகச் சொன்னது. ஐந்து என்ற இடத்தில் நான்கு என்று மாற்றினான். மிச்சம் இருந்த பொய்ப் பிள்ளைகளைத் தனிக் கோப்புக்குக் கொண்டுபோனான். மறுபடி ஓட்டினான், எல்லாம் பச்சை. பள்ளிக்கு அனுப்பிவிட்டு எழுந்தான்.

"வீட்டுக்குக் கூட வர்றீங்களாக்கா? அவகிட்ட நான் தனியா சொல்ல முடியாது."

போனேன். கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீடு, கம்பிக் கதவைத் திறந்தால் தெரு. அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"பஸ் விஷயமா?" என்று அவளே கேட்டாள்.

"என் தப்பும்மா. அவ பேரு தவறிப்போய் உள்ள போயிடுச்சு" என்றான். "நீ ஏன் சொல்லல? முதல் நாளே அந்த ஆள்கிட்ட விஷயத்தைச் சொல்லியிருந்தா மறுநாள் வந்திருக்க மாட்டாரே."

"அதுக்குத்தான் சொல்லல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் என்னைப் பார்த்துப் பேசினாள். "புது டிரைவர்க்கா, வயசானவரு. முதல் நாள் கதவைத் தட்டி, 'பாப்பா வரலையாம்மா?'ன்னு கேட்டாரு. பேரைச் சொல்லிக் கேட்டாரு. எனக்கு வாயில வேற எதுவும் வரல. காய்ச்சல்னு சொல்லிட்டேன். மறுநாள் வந்து, 'காய்ச்சல் விட்டுதா?'ன்னாரு. கொஞ்சம் விட்டிருக்குன்னேன். மூணாம் நாள், 'சாப்பிடுறாளா?'ன்னு கேட்டாரு. சாப்பிடுறாள்னேன்."

துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எழுந்து உட்கார்ந்துட்டாள்னு சொன்னேன். திங்கட்கிழமை அனுப்பிடுறேன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்."

அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஒரு வருஷமாக ஆபீசில் நான் பார்க்காத அழுகை அது. அவள் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆனால் கேள்வி என்னிடம்தான் வந்தது.

"அவ பேரை அழிச்சாச்சாக்கா?"

"ஆச்சும்மா."

"அப்ப திங்கட்கிழமை அவர் வரமாட்டாரு. அவ போனதுலேர்ந்து எங்க ரெண்டு பேர்ல யார்கிட்டயாவது அவளைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டது அந்த மனுஷன் ஒருத்தர்தான்."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். அந்தக் குழந்தைக்கு எந்தப் பல் முதலில் விழுந்தது என்றுகூட எனக்குத் தெரியாது, கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான்.