இறங்காத பருந்து

அவனுக்கு வயது இருபத்தாறு. இடுப்புக்கு மட்டும் அறுபது. இரண்டும் ஒரே உடம்பில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பது தினமும் காலை ஐந்தேமுக்காலுக்கு, கட்டடத் தளத்தில் ஈ காக்கை வருவதற்கு முன்னால் தெரியும். பார்க்கத்தான் ஆள் இருக்காது. அதற்காகத்தான் அவன் அந்நேரத்துக்கே வருவான்.

பதினெட்டு மாடிக்கு எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் பக்கத்தில் நிற்கிற கிரேனை ஓட்டுபவன் அவன். உச்சியில் உட்கார்ந்து கீழே நோட்டம் விடுவதால் பருந்து என்று பெயர். பருந்துக்குச் சிறகு உண்டு. இவனுக்கு இரும்பு ஏணி, இருநூற்றுப் பதினான்கு படி. வலது கால் ஒழுங்காக ஏறும். இடது கால் இடுப்பு மூட்டில் இறுகிப்போய், மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கால்சட்டைத் துணியைக் கொத்தாகப் பிடித்து அடுத்த படியில் தூக்கி வைப்பான், பக்கத்து வீட்டுக்காரர் நம்பி ஒப்படைத்த சாமானைப் போல.

இந்த ஏற்றம் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் கட்டுப்படியாகும் என்று கண்டவன், நடுவில் இறங்குவதையே விட்டுவிட்டான். மதியச் சாப்பாடு மேலேயே. தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டிவரும் என்பதால் தண்ணீருக்கும் தடை. பத்து மணி நேரம் ஒரே இருக்கை, ஒரே மடிப்பு. இடுப்பு இன்னும் இறுகியது. இறுகியதால் இன்னும் இறங்கவில்லை. இரண்டு வருடம் இந்தச் செக்கைச் சுற்றினான்.

"இந்த வயசுல உனக்கென்னடா இடுப்பு வலி? உங்கப்பாவெல்லாம் இடுப்புன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாம வாழ்ந்து முடிச்சாரு" என்றாள் அம்மா. இரண்டு பிள்ளை பெற்ற அக்கா, "இடுப்பு வலியா? எத்தனாவது மாசம்?" என்று கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்து, அவளேதான் பிசியோதெரபிஸ்ட்டிடம் இழுத்துப் போனாள்.

பிசியோதெரபிஸ்ட் அம்மாள் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, இடது முழங்காலை மார்புப் பக்கம் தள்ளினார். அது பாதி வழியிலேயே வேலைநிறுத்தம் செய்தது.

"அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்க."

"எங்கங்க நடக்குறது? ஆகாசத்துலயா?"

"அப்ப மதியமாச்சும் இறங்கி ஏறுங்க. உக்காந்தே இருந்தா சரியாகாது. சரியாக மாசக்கணக்காகும்."

அவன் தலையாட்டினான். தலை நன்றாகவே ஆடும், அதில் ஒரு குறையும் கிடையாது.

அவன் பயமே வேறு. வருடாந்தர உடல்தகுதிச் சோதனை அடுத்த வாரம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ வேண்டும். எழாவிட்டால் கிரேன் கையைவிட்டுப் போகும். நாலு டன் இரும்பை முட்டை வைப்பதுபோல் சத்தமில்லாமல் இறக்கி வைப்பவன் அவன். அவன் நன்றாகச் செய்வதாக நாலு பேர் ஒப்புக்கொண்ட வேலை அது ஒன்றுதான். எனவே குளியலறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பழகினான். மூன்றாம் நாள் கைப்பிடியும் கூடவே வந்து உட்கார்ந்தது.

"கதவ ஏன்டா பேத்த?"

"அது பழசும்மா."

"அது பழசு, நீ புதுசா?"

சோதனைக்கு வந்த டாக்டர் பெரிய மனசுக்காரர். யாரையும் நிமிர்ந்து பார்த்துச் சங்கடப்படுத்த மாட்டார். "உக்காருங்க, எந்திரிங்க, அடுத்தவங்க" என்று காகிதத்திடமே சொன்னார். அவன் ஒரு சாண் குனிந்து நிமிர்ந்தான். தகுதி என்று முத்திரை விழுந்தது.

மறுநாள் அதே ஏணி. முத்திரை விழுந்த செய்தி காலுக்குப் போய்ச் சேரவில்லை.

கிரேனுக்குக் கண் கீழே இருக்கிறது. தரையில் நிற்கும் ஆள் வாக்கி-டாக்கியில் தூக்கு, திருப்பு, இறக்கு என்று சொன்னால்தான் கொக்கி அசையலாம். சொல்லாவிட்டால் மேலே இருப்பவர் மகாராஜாவே ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த ஆள் சிக்னல் அக்கா. அவனைவிட மூன்று வயது மூத்தவள். அவள் நாக்கு முப்பது வயது மூத்தது. மதியம் பன்னிரண்டரைக்கு வாக்கி கரகரத்தது.

"பருந்தே, இறங்கு."

"எதுக்குக்கா? இன்னும் ரெண்டு கம்பிக்கட்டு இருக்கு."

"சோறு திங்க. நீ கீழ வந்து சாப்டுட்டு ஏறுற வரைக்கும் என் வாயிலேர்ந்து சிக்னல் வராது."

"விளையாடாதீங்கக்கா."

"அந்த டாக்டர் பாக்கல. உனக்கு அடுத்த ஆளா நின்னேனே, நான் பாத்தேன். நீ எங்கடா உக்காந்த? கும்பிடு போட்ட. மேல தீ கீ புடிச்சா எப்படி வருவ, லெட்டர் போட்டுட்டா?"

கெஞ்சிப் பார்த்தான். கொக்கி ஆகாயத்தில் சும்மா தொங்கியது. வேறு வழியில்லாமல் இறங்கினான். இறங்கவே இருபது நிமிடம். சிக்னல் அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பாதியை ஒரே மூச்சில் குடித்தான். சாப்பாடு இறங்கவில்லை. மறுபடி ஏணியைப் பிடித்தபோது கான்கிரீட் லாரிகள் வந்து வரிசை கட்டிவிட்டன.

நூறாவது படியில் இருக்கும்போது கீழேயிருந்து இன்ஜினியரின் குரல். "என்னய்யா, ஊர்வலமா போற?"

மொத்தத் தளமும் அண்ணாந்து பார்த்தது. கால்சட்டைத் துணி அவன் கைப்பிடியில் இருந்தது. செருப்பு வார், தலைச்சுற்றல் என்று நாலு பொய் நாக்கு நுனி வரை வந்தன. ஒன்றைச் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"கால் மடங்கல சார்!"

"தகுதின்னு முத்திரை இருக்கே?"

"அது காகிதத்துல மடங்குச்சு சார்!"

யாரோ சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. "எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம்."

மெதுவாக இறங்கி வரச் சொன்னார். மனிதாபிமானமும் கான்கிரீட்டும் ஒரே நேரத்தில் இறுகிக்கொண்டிருந்ததால் தீர்ப்பு சீக்கிரம் வந்தது. மாற்று ஓட்டுநர் பக்கத்துத் தளத்துக்கும் பொது, மதியத்துக்கு மேல்தான் கிடைப்பார். ஆகவே காலையில் கிரேன் இவனுக்கு, மதியத்துக்கு மேல் அவருக்கு. அவர் முழுநாளும் கிடைத்திருந்தால் கிரேன் முழுதாகவே போயிருக்கும். மூன்று மாதம் கழித்து, நிமிர்ந்து பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் மறுபடி சோதனை.

இப்போது காலையில் எல்லோரும் பார்க்க ஏறுகிறான், மதியம் எல்லோரும் பார்க்க இறங்குகிறான். மூன்று வாரம் ஆயிற்று. வலி குறைந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறாள். தினமும் தோளைக் குலுக்குகிறான். பிற்பகலில் சிக்னல் அக்காவின் பக்கத்தில் இன்னொரு வாக்கியோடு நின்று, மாற்று ஓட்டுநர் கம்பிக்கட்டைத் தொட்டிலாட்டுவதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறான்.

"மெதுவாங்க, மெதுவா!"

"கீழ நின்னுக்கிட்டு சொல்றது சுலபந்தாங்க!" என்றது வாக்கி.

"வந்து நின்னு பாருங்க" என்றான் பருந்து, நிற்கிற காலை மாற்றிக்கொண்டு.